உறக்கத்தில் ஓயும் சிசுவின் மூச்சும் செரொட்டோனினும்

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை உறக்கத்தில் கழிக்கின்றான். அந்த வேளையில் கண்கள் மூடுகின்றன, தசைகள் தளர்கின்றன, சிந்தை அடங்குகின்றது. மூச்சு மாத்திரம் எவருடைய ஏவலும் இன்றித் தொடர்ந்து நடைபெறுகின்றது. இதனை மிக இயல்பான ஒன்றெனக் கருதி நாம் மறந்து விடுகின்றோம். ஆனால், நேற்றுவரை பாலருந்திச் சிரித்து விளையாடிய சிசுவொன்று, எவ்வித நோய்க்குறியும் இன்றி, இரவில் உறங்கியபடியே உயிர் நீத்துக் கிடப்பதைக் காலையில் காணும் பெற்றோருக்கு அந்த மூச்சு ஏன் நின்றது என்ற வினா வாழ்நாள் முழுவதும் தீராத வேதனையாகி விடுகின்றது.

மேலைநாடுகளில் ‘தொட்டில் மரணம்’ என வழங்கப்பட்டு வந்த இத்துயருக்கு மருத்துவ உலகம் 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடைபெற்ற மாநாடொன்றில் முறையான வரைவிலக்கணத்தை வகுத்தது. பிரேத பரிசோதனையின் பின்னரும், மரணம் நிகழ்ந்த இடத்தையும் சூழ்நிலையையும் ஆராய்ந்த பின்னரும் காரணம் எதுவும் புலப்படாத சிசு மரணங்களே இன்று ‘சிசுக்களின் திடீர் மரணம்’ எனக் குறிப்பிடப்படுகின்றன. இவை பெரும்பாலும் பிறந்து 2 முதல் 4 மாதங்களுக்குள் நிகழ்கின்றன; 10 இல் 9 அளவானவை 6 மாதங்கள் நிறைவடையுமுன்னரே நிகழ்ந்து விடுகின்றன. செல்வமும் மருத்துவ வசதியும் நிறைந்த ஐக்கிய அமெரிக்காவிலேயே இவையும் இவற்றை ஒத்த ஏனைய திடீர்ச் சிசு மரணங்களும் சேர்ந்து இன்றும் ஆண்டொன்றுக்கு 3,000 ஐத் தாண்டுகின்றன.

இம்மரணங்கள் பற்றிய ஆராய்ச்சிகள் மூளையின் அடிப்பகுதியில் சுரக்கும் செரொட்டோனின் என்ற இரசாயனப் பொருளின்மீது கவனத்தைத் திருப்பியுள்ளன. அந்த ஆராய்ச்சிகள் கூறும் உண்மை யாது, அது கூறாதது யாது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம் என நாம் கருதுகின்றோம். ஏனெனில் இவ்விடயத்தில் அறியாமையும் உயிரைக் குடித்துள்ளது. அரைகுறை அறிவும் உயிரைக் குடித்துள்ளது.

செரொட்டோனின் என்றதும் மனச்சோர்வும் அதற்கான மாத்திரைகளுமே பலரது நினைவுக்கு வரும். உண்மையில் இப்பொருள் முதன்முதலாக இரத்தத்திலேயே இனங்காணப்பட்டது. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மொரிஸ் ரப்போர்ட், ஆர்டா கிறீன், ஏர்வின் பேஜ் ஆகியோர் இரத்த நீர்ப்பாயத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் இதன் தன்மையைக் கொண்டே பெயரும் சூட்டப்பட்டது. பின்னர் 1953 இல் பெட்டி ருவாரொக் என்ற இளம் பெண் விஞ்ஞானி, இப்பொருள் மூளையிலும் உண்டு என்பதை எடுத்துக் காட்டினார். உடலிலுள்ள செரொட்டோனினின் மிகப் பெரும்பகுதி குடலிலேயே காணப்படுகின்றது. மூளையில் அதனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் மிகச் சிலவே. எனினும் அவை மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி அமைந்து, மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், விழிப்பு ஆகிய உயிர்நிலைக் காரியங்கள் அனைத்துக்கும் தம் இழைகளை அனுப்பி வைத்திருக்கின்றன.

இவற்றுள் மூச்சோடு இவற்றுக்குள்ள தொடர்பே இங்கு முக்கியமானது. நாம் மூச்சு விடுவதைத் தூண்டுவது ஒட்சிசன் குறைவு மாத்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். சாதாரண வேளைகளில் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பதில் குருதியில் கூடும் காபனீரொட்சைட்டுக்கே பெரும் பங்குண்டு. காபனீரொட்சைட்டு கூடும்போது மூளைத்தண்டிலுள்ள உணரும் கலங்கள் அதனை அறிந்து, மூச்சை வேகப்படுத்துகின்றன. நிலைமை கட்டுமீறினால் உறக்கத்தையும் கலைத்து விடுகின்றன. செரொட்டோனின் நரம்புக்கலங்கள் இந்த உணர்தலிலும் விழிப்பூட்டலிலும் பங்கு கொள்கின்றன. ஆகவே இவற்றை உறங்கும் வீட்டின் வாசலில் அமர்ந்திருக்கும் காவற்காரனுக்கு ஒப்பிடலாம்.

ஆனால் இந்தக் காவற்காரனும் இரவில் சற்று அயர்பவனே. விழித்திருக்கும் வேளையில் இந்நரம்புக்கலங்கள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அவற்றின் இயக்கம் குறைகின்றது. கனவுகள் தோன்றும் உறக்க நிலையில் அவற்றுட் பல ஏறத்தாழ முற்றாகவே ஓய்ந்து விடுகின்றன. பூனைகளின் மூளையில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்திச் செய்யப்பட்ட ஆய்வுகள் இதனை நிலைநாட்டியுள்ளன. விழிப்பு வேளையில் வெளித்தெரியாத குறைபாடொன்று உறக்கத்தில் உயிராபத்தாக மாறுவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கமாகும்.

ஒரு சிசு மென்மையான மெத்தையின்மீது முகங்குப்புறக் கிடப்பதாகக் கொள்வோம். அது வெளிவிடும் காற்று மூக்கையும் வாயையும் சுற்றித் தேங்கி நிற்கின்றது. அதையே சிசு மீண்டும் உள்ளிழுக்கின்றது. காபனீரொட்சைட்டு ஏறுகின்றது, ஒட்சிசன் இறங்குகின்றது. ஆரோக்கியமான சிசு இந்நிலையில் பெருமூச்செறிந்து, உடலை அசைத்து, விழித்து, தலையைத் திருப்பிக்கொள்ளும் அல்லது வீரிட்டழும். மூச்சு ஒரு கணம் நின்று போனாலும், உடல் இறுதியாகக் கையாளும் ஏக்கமூச்சு அதனை மீட்டெடுத்து விடும். இந்தச் சங்கிலியின் கண்ணிகள் பலவற்றில் செரொட்டோனின் தேவைப்படுகின்றது. அது போதாதவிடத்து, காவற்காரனின் குரல் எழுவதில்லை. சிசு விழிப்பதும் இல்லை.

இது வெறும் ஊகம் அன்று. மூளையில் செரொட்டோனின் நரம்புக்கலங்களே உருவாகாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2010 இல் வெளியாயிற்று. உறங்கும் எலிகளைச் சூழ்ந்த காற்றில் காபனீரொட்சைட்டைக் கூட்டியபோது சாதாரண எலிகள் விழித்துக் கொண்டன. அக்கலங்கள் அற்ற எலிகளோ விழிக்கவில்லை. ஆயினும் ஓசை கேட்டபோதும் ஒட்சிசன் குறைந்தபோதும் அவை ஏனைய எலிகளைப் போலவே விழித்தன என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்னர் 2008 இல் இத்தாலியில் நடைபெற்ற மற்றோர் ஆய்வில், செரொட்டோனின் கலங்கள் தம்மைத்தாமே அளவு கடந்து அடக்கிக்கொள்ளுமாறு மாற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் பல, இதயத் துடிப்பும் உடல் வெப்பமும் திடீரெனச் சரிந்து இளமையிலேயே இறந்தன.

எலிகளில் கண்டது மனிதச் சிசுக்களுக்கும் பொருந்துமா? இதற்கு விடை காணும் பணியில் பல தசாப்தங்களாக ஈடுபட்டவர் அமெரிக்காவின் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த டொக்டர் ஹன்னா கின்னி ஆவார். அவரும் அவரது சகாக்களும், திடீர் மரணத்துக்குள்ளான சிசுக்களின் மூளைத்தண்டுகளை ஏனைய காரணங்களால் இறந்த சிசுக்களின் மூளைத்தண்டுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2006 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு விநோதமானதாக இருந்தது. திடீர் மரணத்துக்குள்ளான சிசுக்களில் செரொட்டோனின் நரம்புக்கலங்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தன. ஆனால் செரொட்டோனினின் செய்தியை ஏற்கும் வாங்கிகள் குறைந்திருந்தன. கலங்கள் கூடியிருப்பதனால் செரொட்டோனினும் கூடுதலாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு 2010 இல் வெளியான அடுத்த ஆய்வு விடை தந்தது. அச்சிசுக்களின் முகுளத்தில் செரொட்டோனினின் அளவு 26 சதவீதமும், அதனை உற்பத்தி செய்ய உதவும் நொதியத்தின் அளவு 22 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டன. கலங்கள் பல இருந்தும் அவை முதிர்ச்சியடைந்து தம் கடமையைச் செய்யவில்லை என்பதே இதன் பொருள் எனலாம்.

இதே குழுவினர் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், திடீர் மரணத்துக்குள்ளான 61 சிசுக்களில் 19 சிசுக்களின் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 31 சதவீதமானோரில், செரொட்டோனின் வழமைக்கு மாறாக உயர்ந்திருந்தது. மூளைத்தண்டில் குறைவு, இரத்தத்தில் மிகுதி என்ற இம்முரண்பாடு, பிரச்சினை ஓர் உறுப்போடு நிற்பதில்லை என்பதைக் காட்டுகின்றது. எல்லாச் சிசுக்களிலும் இது காணப்படவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ‘திடீர் மரணம்’ என்ற ஒரே பெயரின் கீழ் பல்வேறு காரணங்கள் மறைந்திருக்கலாம். செரொட்டோனின் குறைபாடு அவற்றுள் முக்கியமான ஒன்றாகும்.

கின்னியும் அவரது சகாவான பிலியானோவும் 1994 இல் முன்வைத்த விளக்கம் இவை அனைத்தையும் ஒன்றிணைக்க உதவுகின்றது. மூன்று விடயங்கள் ஒரே வேளையில் ஒன்றுகூடும்போதே மரணம் நிகழ்கின்றது என்பது அவர்களது கருத்தாகும். முதலாவது, சிசுவின் உள்ளே மறைந்திருக்கும் பலவீனம். இரண்டாவது, மூச்சையும் உறக்கத்தையும் ஆளும் நரம்பமைப்பு விரைந்து மாறிக்கொண்டிருக்கும் அந்த முதல் ஆறு மாத காலம். மூன்றாவது, குப்புறப் படுத்தல், முகத்தை மூடும் துணி, மித மிஞ்சிய வெப்பம், புகையிலைப் புகை போன்ற வெளி நெருக்கடி. முதலாவதை நாம் காண முடியாது. இரண்டாவதைத் தவிர்க்க முடியாது. மூன்றாவது மாத்திரமே நம் கைகளில் உள்ளது.

இந்த மூன்றாவது விடயத்தில் மருத்துவ உலகம் இழைத்த தவறு மிகப் பாரதூரமானதாகும். 1950களின் நடுப்பகுதியிலிருந்து, மேலைநாட்டுத் தாய்மாரின் வழிகாட்டியாக விளங்கிய டொக்டர் பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல், சிசுக்களைக் குப்புறப் படுக்க வைக்குமாறு ஆலோசனை கூறியது. மல்லாந்து கிடக்கும் சிசு வாந்தியெடுத்தால் மூச்சடைத்துவிடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றிய இக்கூற்று எவராலும் சோதித்துப் பார்க்கப்படவில்லை. உண்மையில் மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே அமைகின்றது. வாந்தி எளிதில் அதனுள் புகுவதில்லை. நெதர்லாந்தில் 1970களின் ஆரம்பத்தில் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கம் பரவியதோடு தொட்டில் மரணங்களும் பெருகின. அதே காலத்தில், சிசுக்களை மல்லாத்திப் படுக்க வைக்கும் மரபுடைய ஹொங்கொங்கில் இம்மரணங்கள் 1,000 பிறப்புகளுக்கு 0.3 என்ற அளவிலேயே இருந்தன. இது 1985 இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் சுட்டிக்காட்டப்பட்டது.

1987 இல் நெதர்லாந்து தன் ஆலோசனையை மாற்றிக் கொண்டது. அங்கு மரணங்கள் குறைந்தன. நியூஸிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடைபெற்ற விரிவான ஆய்வும், பிரித்தானியாவில் பிறிஸ்டல் நகரைச் சேர்ந்த பேராசிரியர் பீற்றர் பிளெமிங் குழுவினர் நடத்திய ஆய்வும் அதே முடிவுக்கு வந்தன. பிரபல தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமன்ட் 1991 இல் தன் சிசுவைப் பறிகொடுத்ததையடுத்து எழுப்பிய குரல், பிரித்தானியாவில் அந்த ஆண்டிலேயே தேசிய பிரசாரம் ஆரம்பிக்கப்படத் துணை புரிந்தது. அமெரிக்காவின் பிரசாரம் 1994 இல் ஆரம்பமானது. 1990 இல் அங்கு ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 130 அளவில் இருந்த திடீர் மரணங்கள், 2000 ஆம் ஆண்டளவில் பாதிக்கும் கீழாக இறங்கின. புதிய மருந்தோ கருவியோ எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. சிசுவைப் புரட்டிப் படுக்க வைத்தது ஒன்றே செய்யப்பட்ட மாற்றம்.

இதில் மனதை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 2005 இல் வெளியான மீளாய்வொன்று, குப்புறப் படுத்தலின் ஆபத்தை உணர்த்தும் சான்றுகள் 1970 அளவிலேயே கிடைத்திருந்தன என்பதை நிறுவியது. அச்சான்றுகளை அன்றே ஒன்றுதிரட்டி ஆராய்ந்திருந்தால் பிரித்தானியாவில் 10,000 இற்கும் மேற்பட்ட சிசுக்களையும், ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 சிசுக்களையும் காப்பாற்றியிருக்கலாம் என அது மதிப்பிட்டது. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காகவோ நூலில் உள்ளது என்பதற்காகவோ ஓர் ஆலோசனையைச் சோதியாது ஏற்றதன் விலை அது.

செரொட்டோனின் ஆராய்ச்சியின் பயன் யாது என்ற கேள்வி இவ்விடத்தில் எழலாம். படுக்கை முறையை மாற்றும் ஆலோசனை அந்த ஆராய்ச்சி முதிர்வதற்கு முன்னரே வந்துவிட்டதல்லவா? அதன் பயன் இரண்டு. எளிய ஆலோசனை ஒன்று ஏன் உயிரைக் காக்கின்றது என்பதை அது விளக்குகின்றது. காரணம் விளங்கினால் மனிதர் ஆலோசனையைக் கைவிட மாட்டார்கள். மற்றது, சிசுவை இழந்த தாய்மாரின் தலைமீது சுமத்தப்படும் பழியை அது இறக்கி வைக்கின்றது.

அந்தப் பழி எத்தகைய கொடுமைக்கு இட்டுச் செல்லும் என்பதற்குப் பிரித்தானியப் பெண் சட்டத்தரணி சலி கிளார்க்கின் வரலாறே சான்று. இரு ஆண் சிசுக்களை அடுத்தடுத்து இழந்த அவர், அவர்களைக் கொலை செய்ததாக 1999 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒரே குடும்பத்தில் இருமுறை தொட்டில் மரணம் நிகழ்வதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என வைத்திய நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சியமளித்தார். இரு மரணங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கொண்டு, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பெறப்பட்ட கணக்கு அது. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரு சிசுக்களுக்கு மரபும் சூழலும் பொதுவானவை என்பது அங்கு கருத்திற் கொள்ளப்படவில்லை. பிரித்தானியாவின் புள்ளிவிபரவியற் சங்கமும் 2001 இல் இக்கணக்கைக் கண்டித்தது. மறைக்கப்பட்டிருந்த மருத்துவச் சான்றொன்று வெளிவந்ததையடுத்து 2003 இல் விடுதலையான அவர், 2007 இல் காலமானார். கண்ணுக்குத் தெரியாத உடற்குறை ஒன்று இருக்கலாம் என்பதை ஏற்க மறுக்கும் சமூகம், துயருற்றவரையே குற்றவாளியாக்கி விடுகின்றது.

அதேவேளை, இந்த ஆராய்ச்சியை அளவுக்கு மீறி விளங்கிக் கொள்வதும் தவறாகும். உயிரோடிருக்கும் சிசுவொன்றின் மூளைத்தண்டில் செரொட்டோனின் போதுமானதா என அறியும் பரிசோதனை எதுவும் இன்று வைத்தியசாலைகளில் இல்லை. அதனைக் கூட்டிக் கொடுக்கும் மருந்தும் சிசுக்களுக்கு இல்லை. 2022 இல், பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் வேறொரு நொதியம் குறைந்திருப்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டபோது, திடீர் மரணத்தின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சமூக வலைத்தளங்கள் முழங்கின. ஆய்வு சொன்னதோ அதனிலும் மிகக் குறைவு.

இரசாயனக் குறையை அறிவது வேறு, அதனை மாத்திரையால் நிரப்புவது வேறு என்பதற்கு வளர்ந்தோரின் உறக்க மூச்சுத்தடையும் ஓர் உதாரணமாகும். உறக்கத்தில் நாக்குத் தசைகளுக்குக் கிடைக்கும் செரொட்டோனின் தூண்டல் குறைவதனால் தொண்டை அடைபடுகின்றது என்ற கருத்தின் அடிப்படையில், மனச்சோர்வுக்கான மிர்ட்டசப்பின் என்ற மருந்து பரிசோதிக்கப்பட்டது. 2007 இல் 12 நோயாளர்களில் நடத்தப்பட்ட சிறு ஆய்வு நம்பிக்கையூட்டியது. ஆனால் 2008 இல் வெளியான இரு பரிசோதனைகளில் பயன் காணப்படவில்லை. மாறாக உடல் எடையே கூடியது. இன்றும் அந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை, 1981 இல் சிட்னியின் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய, மூக்கினூடாகக் காற்றழுத்தம் செலுத்தும் முறையேயாகும்.

எனவே சிசுக்களைப் பொறுத்தமட்டில் நம் கைகளில் இருப்பது அந்த மூன்றாவது விடயமே. ஒவ்வொரு உறக்கத்தின்போதும், பகலானாலும் இரவானாலும், சிசுவை மல்லாத்திப் படுக்க வைத்தல் வேண்டும். படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை ஆகியன சிசுவின் அருகே வேண்டாம். கர்ப்ப காலத்திலும் அதன் பின்னரும் புகையிலைப் புகை அணுகலாகாது. கர்ப்பிணியின் புகைத்தல் இம்மரண ஆபத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டுகின்றது. புகைக்காத தாயானாலும், வீட்டினுள் புகைக்கும் தந்தையும் உறவினரும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். குறைந்தது இரண்டு மாதமேனும் தாய்ப்பாலூட்டினால் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றது.

நம் மக்களிடையே சிசு தாயருகே உறங்கும் வழக்கம் தொன்மையானது. பிரித்தானியாவின் பிறட்போர்ட் நகரில் வாழும் தெற்காசியக் குடும்பங்களிடையே, சிசுவுடன் ஒரே படுக்கையில் உறங்கும் வழக்கம் மிகுதியாக இருந்தும், திடீர் மரணங்கள் வெள்ளையினக் குடும்பங்களிலும் குறைவாகவே இருந்தன. அத்தாய்மாரிடையே புகைத்தலும் மதுவும் அரிதாக இருந்தமையையும், சிசுவோடு சோபாவில் உறங்கும் வழக்கம் குறைவாக இருந்தமையையும் 2012 இல் வெளியான ஆய்வு எடுத்துக் காட்டியது. இதனை ஒரே படுக்கை முற்றிலும் பாதுகாப்பானது என்பதற்கான உறுதியாகக் கொள்ளலாகாது. அறை ஒன்றாகவும் படுக்கை தனித்தனியாகவும் இருப்பதே சிறந்தது என்பது மருத்துவ ஆலோசனை. மது அருந்தியவரோ, புகைப்பவரோ, உறக்க மாத்திரை உட்கொண்டவரோ சிசுவின் அருகே படுத்தல் கூடவே கூடாது.

ஏணையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். அழும் சிசுவை அமைதிப்படுத்துவதில் ஏணைக்கு ஈடில்லை. ஆயினும் சேலையின் வளைவில் சிசுவின் தாடை நெஞ்சோடு ஒட்டினால் அதன் மெல்லிய மூச்சுக்குழாய் நெரிபடக்கூடும். சாய்வான படுக்கைகளில் நேர்ந்த மரணங்களையடுத்து, 10 பாகைக்கு மேற்பட்ட சாய்வுடைய சிசுப் படுக்கைகளை விற்பதை அமெரிக்கா 2022 இல் சட்டத்தால் தடை செய்தது. ஆகவே ஏணையில் கிடக்கும் சிசு எவருடைய கண்பார்வையிலேனும் இருத்தல் வேண்டும். உறங்கியபின் அதனைச் சமமான படுக்கைக்கு மாற்றுவது நன்று.

சிசுவின் மூளைத்தண்டில் உள்ள காவற்காரன் வலியவனா மெலியவனா என்பதை அறியும் ஆற்றல் விஞ்ஞானத்துக்கு ஒருநாள் கிட்டலாம். அதுவரை ஒவ்வொரு சிசுவையும் அக்காவல் மெலிந்ததாகவே கொண்டு பேணுவதுதான் அறிவுடைமை. கர்ப்பிணித் தாய்மாருக்கான சிகிச்சை நிலையங்களிலும், வீடு தேடி வரும் மருத்துவ மாதரின் வாய்மொழியிலும், பாட்டிமாரின் அறிவுரையிலும் இச்செய்தி இடம்பெற வேண்டும். இத்தனை கவனத்தையும் மீறி ஒரு வீட்டில் அத்துயர் நேருமாயின், அந்தத் தாயிடம் ‘நீ என்ன செய்தாய்’ என்று கேளாதிருப்பதும் நம் கடமையாகும்.